அம்மா உட்கார்ந்த உயரம்

என் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். "இது எதுக்குங்க?" கூடத்து ஜன்னலோரம் நிற்கிற மர ஸ்டாண்டைத்தான் கேட்கிறார்கள். ஒரு ஆளின் தோள் உயரம். நான்கு கால்களும் கீழே போகப்போக அகன்று நிற்கும். மேலே ஒரு பலகை, பலகையின் நடுவில் முட்டை வடிவத்தில் ஆழமில்லாத ஒரு பள்ளம். அதில் பூத்தொட்டி வைக்கலாமே என்கிறார் சம்பந்தியம்மாள். என் மருமகள் ஒருநாள் வைஃபை பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். நான் அதை எடுத்துத் தரையில் வைத்தேன். அன்று சாயங்காலம் முழுக்க நெட் வரவில்லை என்று வீடே முறுக்கிக்கொண்டு திரிந்தது. திரியட்டுமே.

இளசுகளுக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை. என் வயதுக்காரர்களாகிய உங்களிடம் சொல்கிறேன். மைசூரில் பிறந்து வளர்ந்தவர்களென்றால் தசரா லீவு எப்படியிருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். எக்ஸிபிஷனில் மிளகாய்ப் பொடி தூவிய முறத்தளவு அப்பளம், காதுக்குள் ஊதிவிடுகிற பீப்பி, திரும்பி வரும்போது அரண்மனை விளக்கு. நம்மில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்தில் ஒரு தடவையாவது தொலைந்துபோய் மைக்கில் பெயர் சொல்லப்பட்டவர்கள்தாம். ஆனால் அந்த எக்ஸிபிஷனில் சொந்த அம்மாவே ஒரு சிலையாக உட்கார்ந்திருந்த பெருமை உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது.

அப்பாவுக்குக் கொள்ளேகால் பக்கம். கல்யாணமான கையோடு மைசூருக்கு வந்து, வெளிநாட்டுக்குச் சிலை அனுப்புகிற ஒரு கம்பெனியில் பெட்டி அடிக்கிற தச்சராகச் சேர்ந்தார். சந்தனத்திலும் ஈட்டி மரத்திலும் கல்லிலுமாக வருகிற கிருஷ்ணன், பிள்ளையார், நடராஜர் எல்லோரையும் வைக்கோல் சுற்றிப் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் சட்டம் அடித்து, மூடி போட்டு ஆணி இறக்குவார். பிறகு அச்சுத் தகட்டை வைத்து, மேலே பார்த்த அம்புக்குறியும் பக்கத்தில், உடையும் சாமான் என்பதற்கு அடையாளமாக, காலுள்ள ஒரு டம்ளர் படமும் கறுப்பு மையில் போடுவார். அந்த டம்ளர் படம் சாமிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்வதற்கு என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அடித்த பெட்டியில் போன எந்தச் சாமிக்கும் கை உடைந்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையைத் தட்டினால் மரச்சீவல் உதிரும்.

அம்மா வீட்டில் ஊதுபத்தி உருட்டினாள். மண்டி மொகல்லாவில் எங்கள் சந்தில் அநேகமாக எல்லா வீட்டுப் பெண்களும் உருட்டினார்கள். ஏஜெண்டு கொண்டுவந்து போடுகிற மூங்கில் குச்சிக்கட்டு, கரித்தூள், பசைத்தூள். தண்ணீர் விட்டுப் பிசைந்து, மடியருகே சாய்வுப் பலகையை வைத்துக்கொண்டு, ஒரு குச்சியை எடுத்து ஒரே இழுப்பில் உருட்டிப் போட வேண்டும். ஊதுபத்தி என்றதும் உங்களுக்கு வாசனைதான் நினைவுக்கு வரும். அந்த வாசனையெல்லாம் ஃபாக்டரியில் ஏற்றுவது. எங்கள் வீட்டில் இருந்தது ஈரக் கரியின் வாடை மட்டும்தான். அம்மாவின் உள்ளங்கை தீபாவளியன்றுகூட வெளுத்ததில்லை.

அக்கா எனக்கு ரொம்பப் பெரியவள். ஊரில் உள்ள ஓவியக் கல்லூரியில் சிற்பம் படித்தாள். எங்கள் சந்தில் அப்படியொரு படிப்பு இருப்பதே அவளால்தான் தெரிய வந்தது. பக்கத்து வீட்டுப் போலீஸ்காரர் சம்சாரம், கன்னடக்காரி, வாயாடி, "ஏன் புட்டி, இன்னும் மண்ணு விளையாட்டு முடியலியா?" என்று அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். புட்டி என்றால் கன்னடத்தில் சின்னப்பெண். தமிழும் கன்னடமுமாகக் கலந்துதான் பேசுவாள், நாங்களும் அப்படித்தான் பேசினோம்.

கடைசி வருஷத்துக்காக அக்கா செய்தது அம்மாவை. சுட்ட மண்ணில், நிஜ ஆளில் பாதி அளவு. காலை மடித்து உட்கார்ந்து, பலகைமேல் கையை வைத்து, தலையைக் குனிந்து ஊதுபத்தி உருட்டுகிற அம்மா. சேலை முழங்கால்வரை ஏறியிருக்கும், கொண்டை பாதி அவிழ்ந்திருக்கும். தசரா எக்ஸிபிஷனில் கலைக்கூடம் என்று ஒரு கொட்டகை போடுவார்களே, அங்கே வைக்க அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவள் வகுப்பில் அவள் ஒருத்திக்குத்தான் அந்த இடம் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை, சிலையை வைக்கிற ஸ்டாண்டை அவரவரே கொண்டுவர வேண்டும்.

ஜட்காவில் சாக்கு விரித்துச் சிலையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள் அக்கா. அப்பா வேலையிலிருந்து வந்தார். ஒரு பார்வை பார்த்தார். மூலையில் கிடந்த கோணிச்சாக்கை எடுத்துச் சிலையின்மேல் போட்டு மூடினார்.

"தூசி படியும்" என்றார்.

அக்கா முகம் விழுந்துவிட்டது. அவள் ஒரு வருஷ உழைப்பு அது. அப்பா எதையாவது சொல்வார் என்று அன்று ராத்திரி படுக்கும்வரை காத்திருந்தாள். மறுநாள் ஸ்டாண்டுக்குப் படம் வரைந்து கொண்டுபோய் நீட்டினாள். அப்பா அதை வாங்கி, பார்க்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நான் பாத்துக்கறேன், நீ போ அம்மிணி" என்றார்.

அப்பா பார்த்துக்கொண்ட லட்சணம் ஒரு சனிக்கிழமை கைவண்டியில் வந்து இறங்கியது. நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். பெட்டி மரத்தில் ஒரு மேடை, முழங்கால் உயரம். அதைச் சுற்றி நாலு பக்கமும் நெருக்கமாகச் சட்டங்கள், உள்ளே வைக்கிற சிலையின் நெற்றிவரைக்கும் எழும்பியிருந்தன. மூடி ஒன்றுதான் இல்லை. ஒரு சட்டத்தில் அம்புக்குறியும் டம்ளரும்கூட இருந்தன.

போலீஸ்காரர் சம்சாரம் சுற்றி வந்து பார்த்தாள். "அண்ணா, கோழிக்கூடு சென்னாகிதே. கோழி எப்போ வரும்?"

கூடு நல்லா இருக்காம். சந்தே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, சொல்லத்தான் வேண்டும். பாவம், பெட்டியடித்துப் பழகின கை, வேறென்ன செய்யும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். என் வேலை அவருக்கு அவமானமாக இருக்கிறது, அதனால்தான் மூடுகிறார் என்று என் காதில் சொன்னாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை.

மறுநாள் விளக்கேற்றுகிற நேரம். அக்கா அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, காலேஜில பழைய சிமெண்டு மேடை ஒண்ணு கிடக்குதாம். மேஷ்ட்ரு எடுத்துக்கன்னு சொல்லீட்டாரு. நான் அதிலயே வெச்சுக்கறேன்."

"ஏன், இது ஆகாதா?"

"இதுல வெச்சா ஆருக்கும் ஒண்ணும் தெரியாதுப்பா."

"பத்திரமா இருக்கும்ல."

"பத்திரமா வெக்கறதுக்கா செஞ்சேன்?"

அம்மா வாசற்படிக்கு உள்பக்கம் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஏனுங்க, நெசத்தச் சொல்லுங்க. கட்டிலு, அலமாரி, தொட்டிலு எல்லாம் செஞ்ச கைதானே இது? ஒரு முக்காலி செய்யத் தெரியாமயா கூண்டு கட்டுனீங்க?"

அப்பா கொட்டிவிட்டார்.

"ஊர்ப்பட்ட சனம் வரும் அங்க. என்ற கம்பெனிக்காரனுக வருவானுக. இவன் பொண்டாட்டி கரியப் பூசிக்கிட்டு ஊதுபத்தி உருட்டித்தான் இவனூட்டுல அடுப்பு எரியுதுன்னு, பொம்மை செஞ்சே காட்டோணுமா? என்ற கையாலாகாத்தனத்த நானே ஸ்டாண்டு போட்டுத் தூக்கி நிறுத்தறதா?"

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த வயதில் பாதிதான் புரிந்தது. அப்பாவின் குரல் அப்படி உடைந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை, அதுதான் பயமாக இருந்தது.

அம்மா இன்னொரு குச்சியை எடுத்தாள். "எரியுதா இல்லையா?"

"என்னது?"

"அடுப்பு. எரியுதல்ல?"

"எரியுது."

"அப்புறம் என்ன வெக்கம்? நீங்க அடிச்ச பெட்டி பாதி, நான் உருட்டுன பத்தி பாதி. ஆரு ஊட்டுலயும் திருடலையே. நான் தலை குனிஞ்சிருக்கறது பத்தியப் பாக்கறதுக்குங்க. வெக்கப்பட்டுக்கிட்டு இல்ல. மூஞ்சியப் பாத்தாத் தெரியும். நீங்கதான் இன்னும் பாக்கவே இல்லியே."

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எத்தனை பேர் எத்தனை விதமாகத் தப்புக்கணக்குப் போட்டிருக்கிறோம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று நினைத்தது சந்து. தன் கலையைக் கேவலமாக நினைக்கிறார் என்று நினைத்தாள் அக்கா. தன் பெண்டாட்டியின் கரிக்கை தன்னைப் பற்றிய புகார் என்று நினைத்திருந்தார் அப்பா. சரியாகக் கணக்குப் போட்டது பள்ளிக்கூடம் போகாத அம்மா ஒருத்திதான், அதுவும் கையை நிறுத்தாமல். அவள் வயிற்றில் பிறந்தேன் என்பதில் எனக்குள்ள கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா எழுந்து போய்க் கோணியை எடுத்தார். சிலைக்கு முன்னால் நின்றார். நின்றபடி பார்த்தால் வகிடும் கொண்டையும்தான் தெரிந்தன. குனிந்தார், குந்தினார், கடைசியில் தரையில் கையூன்றித் தலையைத் தாழ்த்தினார். அந்த நிலையிலேயே வெகுநேரம் இருந்தார். பிறகு திரும்பி அக்காவைப் பார்த்து, "உதட்ட மடிச்சுக்கிட்டு உருட்டுவா. அதக்கூடப் புடிச்சுட்ட" என்றார். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த அமர்க்களத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுத்தியலின் பின்பக்கத்தால் கூண்டைப் பிரித்துப் போட்டார் அப்பா. சட்டைப் பையிலிருந்த அக்காவின் படத்தை எடுத்துச் சுவரில் ஒட்டினார். நல்ல மரம் வேண்டும் என்று வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டியவர், அம்மாவின் சீர்க்கட்டிலைப் பார்த்தார். கொள்ளேகாலிலிருந்து வந்த தேக்கு. அதில் யாரும் படுத்ததில்லை, பத்தி உலர்த்துகிற தட்டுகள்தான் படுத்திருந்தன.

"வேண்டாங்க, நல்ல சாமான்" என்று அம்மாவே ஒரு நொடி தயங்கினாள். உடனே, "சரி, அறுங்க. எனக்குச் சீராக் குடுத்தது, என்றமேலயே செலவாகட்டும்" என்றாள்.

படத்தில் அக்கா போட்டிருந்த உயரம் அப்பாவுக்குத் திருப்தியாக இல்லை. இடுப்பளவு போட்டிருந்தாள். கல்லூரியில் எல்லாச் சிலைக்கும் அதுதான் உயரமாம். "அதுகள்லாம் நிமுந்து பாக்கற சிலை. இது குனிஞ்சிருக்குது" என்றார் அப்பா. அவர் தரையில் கையூன்றிப் பார்த்தது அவருக்கு மறக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, அம்மா உருட்டறப்ப நீ எங்க இருப்ப?"

நான் காட்டினேன். அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்துக்கொள்வேன். படுத்துக்கொண்டே வாய்ப்பாடு சொல்வேன். அங்கிருந்து பார்த்தால் அம்மாவின் முகம் முழுசாகத் தெரியும், மூக்குத்துவாரம் உட்பட. தப்பாகச் சொன்னால் புருவம் ஏறும். அந்த வீட்டில் அம்மா முகத்தை ரொம்ப நேரம் பார்த்த ஆள் நான்தான்.

"இங்கிருந்துதானே நீயும் பாத்துச் செஞ்ச?" என்று அக்காவைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவளும் சின்ன வயதில் அங்கே படுத்திருந்தவள்தான்.

"அப்ப ஊர் சனமும் அங்கிருந்துதான் பாக்கோணும்" என்றார் அப்பா.

எக்ஸிபிஷனுக்கு வருகிறவர்களைப் பாய் போட்டுப் படுக்கச் சொல்ல முடியாதல்லவா. அதனால் அம்மாவைத் தூக்க வேண்டும். முற்றத்தில் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் சிலையை வைத்துக் கயிறு கட்டி, சந்திலிருந்தவர்களை எல்லாம் அப்பா கூப்பிட்டு நிறுத்திப் பார்த்தார். போலீஸ்காரர் நெட்டை, அவருக்குத் தாடையிலிருந்து மூக்குவரைதான் தெரிந்தது. அவர் சம்சாரம் குட்டை, அவளுக்குத் தாடை மட்டும் தெரிந்தது. ஒரு பெட்டியை எடுத்துவிட்டு மெல்லிய பலகையைச் சொருகுவார், மறுபடி ஆளைக் கூப்பிடுவார். "என்னண்ணா, எலக்ஷனா?" என்று கேட்டுக்கொண்டே வரிசையில் வந்தார்கள். கடைசியில் என்னை நிறுத்தினார். எனக்கு எல்லாம் தெரிந்தது, உதட்டு மடிப்பு உட்பட. போலீஸ்காரருக்கும் கண் தெரிந்தது. அந்த உயரத்தில் சுவரில் கரியால் கோடு போட்டார்.

இப்போது புரிகிறதா, இந்த ஸ்டாண்டு ஏன் இப்படித் தோள் உயரத்துக்கு நிற்கிறது என்று? மட்டமாக ஒரு முக்காலி செய்யத் தெரியாமல் இல்லை.

உயரமாகப் போனால் சாயுமே, அதற்குத்தான் கால்களை அகட்டினார். கட்டிலின் கடைசல் கால்களை இழைத்து இழைத்து நேராக்கி, மேலே ஒடுக்கி, கீழே விரித்தார். காலம் முழுக்க ஆணி அடித்த மனிதர் இதில் ஒரு ஆணிகூட இறக்கவில்லை. கழுந்து செதுக்கித் துளையில் பொருத்தி, இடைவெளி தெரியாமல் தட்டி இறக்கினார். சிலையைப் பிடித்துக்கொள்ளச் சட்டமும் கிடையாது, கம்பியும் கிடையாது. சிலையின் அடியை அச்செடுத்து, பலகையில் அந்தப் பள்ளத்தைக் குடைந்தார், உள்ளே கம்பளித் துண்டு ஒட்டினார். வைத்தால் கச்சிதமாக உட்காரும், அசைத்தாலும் அசையாது, எது பிடித்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உப்புத்தாள் போட்டது அக்காவும் நானும். அந்தத் தசரா லீவில் நான் ராட்டினமும் ஏறவில்லை, சினிமாவுக்கும் போகவில்லை. விரல்நுனியெல்லாம் தேய்ந்து வழுவழு என்று ஆகிவிட்டது. அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதே இல்லை.

கொண்டுபோக வேண்டிய நாள் வந்தது. சிலையைப் பெட்டிக்குள் வைத்துத்தான் அப்பா எடுத்துவருவார் என்று எல்லோரும் நினைத்தோம். பெட்டி போடாமல் ஒரு சாமியைக்கூட ரோட்டுக்கு விட்டதில்லையே அவர். அன்று கைவண்டியில் வைக்கோலைப் பரப்பினார். அதன்மேல் சிலையை வைத்து, இடுப்புக்குக் கீழே மட்டும் அம்மாவின் பழைய சேலையால் இறுகக் கட்டினார். ஸ்டாண்டைப் பின்னால் சாய்த்துக் கட்டினார். கோணியை மடித்து என் கையில் கொடுத்து, "இது வேண்டாம், உள்ள வெய்யி" என்றார்.

"அப்பா, மூடலியா?" என்றாள் அக்கா.

"மேடுபள்ளம் பாத்து ஓட்டறேன். வா."

துவைத்த சட்டை போட்டிருந்தார். அம்மா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிப் பார்த்துவிட்டு, போகாத கரியோடு அப்படியே வந்தாள். போலீஸ்காரர் சம்சாரம் வாசலில் நின்று, "இதுவே நம்ம ஜம்பூ சவாரி" என்றாள், தசரா யானை ஊர்வலத்தைச் சொல்கிறாள். அன்று அவள் கேலி செய்யவில்லை. சந்திலிருந்து ரோட்டுக்கு, மார்க்கெட்டுப் பக்கமாக, பெரிய மணிக்கூண்டைத் தாண்டி, அரண்மனை மதிலை ஒட்டி வண்டி போனது. பூக்கடைக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா யார் பார்வைக்கும் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. அம்மா வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தாள், மண்ணும் ஆளுமாக இரண்டு அம்மா.

எக்ஸிபிஷன் கலைக்கூடத்து வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒரு காவல்காரர் இருந்தார், வயதானவர். அன்று காலையிலிருந்து சிலை சிலையாக வந்திருக்கும் போல. எங்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்தார், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், கைகூப்பினார். பிறகு அருகே வந்து சிலையை உற்றுப் பார்த்து அப்பாவிடம் கேட்டார்.

"யாவ தேவரு இது?"

எந்தச் சாமி என்று கேட்கிறார். அவர்மேல் தப்பில்லை, அந்த ஊரில் சிலையென்றால் சாமிதான். அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா சொல்லிவிட்டார். வீட்டில் எந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்ததோ அதே வார்த்தையை, அந்தக் கும்பலில், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி.

"தேவரல்ல சார். நன் ஹெண்ட்தி. ஊதுபத்தி மாடுத்தாளே." அப்புறம் அக்காவின் தோளைத் தொட்டு, "மாடிதவளு நன் மகளு" என்றார்.

சாமியில்லை, என் மனைவி, ஊதுபத்தி செய்கிறவள், இதைச் செய்தவள் என் மகள். அம்மா முந்தானையால் கையை மூடப் போனவள், மூடாமல் விட்டுவிட்டாள்.

காவல்காரர் சிலையைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ஓரமாக விட்ட செருப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அதைப் போட்டுக்கொள்ளாமல் வெறுங்காலோடு வந்து, "பன்னி, ஹிடீரி", வாங்க, பிடியுங்க என்று சொல்லி ஒரு பக்கத்தைப் பிடித்தார். அப்பா மறுபக்கம் பிடித்தார். நான் முன்னால் ஓடிப்போய், அக்கா உள்ளே கொண்டுபோய் நிறுத்தியிருந்த ஸ்டாண்டு நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இரண்டு பேருமாக அம்மாவைத் தூக்கி, நாங்கள் அவளுக்குச் செய்த இடத்தில் உட்கார வைத்தார்கள்.